மெஹ்னாஸின் பழைய பாடியும் ஜமீர் கொண்டுவந்த லென்ஸும்

சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால் முதல் கேள்வி, பிரியாணிக்கு யார் என்பது. இரண்டாவது, பெண்கள் பக்கத்துக்கு போட்டோ யார் என்பது. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், சண்டைகூடப் போட்டுக்கொள்வார்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: மெஹ்னாஸ்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மாடி வீடு. கணவர் அசார் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். மெஹ்னாஸ் படித்தது பி.காம். போட்டோ பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளுடைய நிக்காஹ் அன்று, பெண்கள் இருக்கும் கூடத்துக்குள் ஆண் போட்டோகிராபர் வரக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெண் ஒருத்தியை அழைக்கலாமே என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே மணமகள் மெஹ்னாஸின் படம் என்று இந்த உலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். பெரியம்மா மகள் செல்போனில் எடுத்தது. அதிலும் பாதி முகத்தைப் பூச்சரம் மறைத்திருக்கும், மீதியை யாரோ ஒருவருடைய முழங்கை மறைத்திருக்கும். அந்தக் கடுப்பில்தான் அவள் கேமராவைக் கையில் எடுத்தாள். நல்ல காரியங்கள் பல கடுப்பில்தான் தொடங்குகின்றன.

கேமரா, குரோம்பேட்டை ஸ்டுடியோக்காரர் ஒருவர் புதுசுக்கு மாறும்போது கழித்துவிட்டது. ஒரு பாடி, அதாவது லென்ஸைக் கழற்றினால் மிஞ்சுகிற கேமரா உடம்பு; ஒரு லென்ஸ். பதினான்கு வருஷமாக அதே ஜோடியை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிடிமானத்தில் ஒட்டியிருந்த ரப்பர் இரண்டு தடவை உரிந்து, இரண்டு தடவையும் பசை போட்டு ஒட்டியாகிவிட்டது. மாதத்துக்கொரு புது மாடலைப் பற்றி வாயில் நுரை தள்ளப் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதே, அவர்கள் அவளுடைய கேமராவைப் பார்த்தால் மியூசியத்தில் வைக்கச் சொல்வார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அந்தக் கேமரா வந்த காலத்தில் கேமராக்களுக்கு வைஃபை முளைத்திருக்கவில்லை. மெஹ்னாஸுக்குச் சோறு போட்டதே அந்தக் குறைதான்.

எப்படி என்றால், பெண்கள் பக்கம் எடுக்கும் படம் வெளியே போகக் கூடாது. அது எழுதாத சட்டம். சில வீடுகளில் கூடத்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, உள்ளே வருபவர்களின் செல்போனையெல்லாம் வாங்கிப் போட்டுவிடுவார்கள். அங்கே கேமராவோடு நடமாட மெஹ்னாஸுக்கு மட்டும்தான் அனுமதி. அவளும் அதற்கேற்றபடி நடந்துகொள்வாள். விருந்து முடிந்ததும் பெண்ணின் அம்மா முன்னால் நின்று, கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிடுவாள். வீட்டுக்கு ஒரு படம்கூட வராது. ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவதும் பெண் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான்.

படம் பொறுக்குவதுதான் பெரிய பேஜார். அருமையாக விழுந்த படமாக இருக்கும். மணப்பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். பின்னால் நாலாவது வரிசையில் சின்னமாமி உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பார். "ஐயோ, நான் விழுந்திருக்கேன், அதை எடுத்துடும்மா" என்பார். அவர் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். இப்படி நூறு படத்தில் நாற்பது அடிபடும். இதற்குப் பயந்தே கல்யாணக் கூடத்தில் பாதிப் பேர் கேமரா திரும்பும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையை இழுத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிடக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வருஷம் ஷாயிஸ்தாவிடமிருந்து அழைப்பு வந்தபோது மெஹ்னாஸுக்கே ஆச்சரியம். ஷாயிஸ்தா கூடுவாஞ்சேரியில் இருக்கிறார். இரண்டு பெண்கள். மூத்தவள் ருக்சானாவின் கல்யாணம் ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த பெண்தான் படம் எடுத்தாள். கேமரா எடுக்க எடுக்க, படம் தானாக ஸ்டுடியோக்காரரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது அந்தப் பெண்ணுக்கே தெரியாதாம். மறுவாரம் ஸ்டுடியோக்காரர் விளம்பரத்துக்கு ருக்சானாவின் படத்தைப் போட்டுவிட்டார். திட்டி, கெஞ்சி, அவர் எடுப்பதற்குள் அது எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு வருஷம் யாரும் சரியாகப் பேசவில்லை. அதன் பிறகு ருக்சானா, பாஸ்போர்ட்டுக்குத் தவிர, எந்தக் கேமரா முன்னாலும் நிற்கவில்லை. குழந்தை பிறந்தபோதுகூடக் குழந்தையை மட்டும் எடுக்கச் சொன்னாள்.

இப்போது இளையவள் நஃபீசாவுக்குக் கல்யாணம். பொத்தேரியில் ஒரு கல்லூரியில் படிப்பை முடித்தவள். போட்டோவே வேண்டாம் என்றார் ஷாயிஸ்தா. போட்டோ இல்லாமல் கல்யாணமா என்று அழுதாள் நஃபீசா. கடைசியில் மெஹ்னாஸைக் கூப்பிட்டார்கள். அவள் கேமராவை மேசைமேல் வைத்து நேராகச் சொன்னாள்.

"இதுல வைஃபையும் இல்ல, ப்ளூடூத்தும் இல்லக்கா. படம் இந்தக் கார்டுல இருக்கும், கார்டு உங்க கையில இருக்கும். அவ்வளவுதான்."

ஷாயிஸ்தா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கேமரான்னா சரி. வேற எதுவும் வேணாம்" என்றார். மெஹ்னாஸ் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்து நாலாவது நாள் லென்ஸ் படுத்துவிட்டது.

மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டுக்குள் ஒரு மாடிப்படிக்குக் கீழே கேமரா ரிப்பேர் பார்ப்பவர் ஷ்யாம்சுந்தர். லென்ஸைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள கீற ரிப்பன் கேபிள் அறுந்துபோச்சு மேடம். இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வர்றதே நின்னு மூணு வருசம் ஆவுது. நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

மெஹ்னாஸ் கலங்கவில்லை. தம்பி ஜமீர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அந்த மாதக் கடைசியில் லீவில் வரப்போகிறான்; கல்யாணம் ஞாயிறு, அவன் வந்து இறங்குவது வியாழன். ஒரு லென்ஸ் வாங்கிவரச் சொன்னால் தீர்ந்தது. இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். கம்பெனி பெயரைச் சொன்னாள், பாடியின் படத்தை அனுப்பினாள், கூடவே ஆசை யாரை விட்டது, இதையும் சொன்னாள்:

"புதுசாவே வாங்கிட்டு வாடா. ஒரு தடவையாவது சீல் உடைக்காத லென்ஸை என் கையால பிரிக்கணும்."

பதினான்கு வருஷம் அடுத்தவர் கழித்ததையே வைத்து வேலை செய்தவளுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா? இருக்கலாம். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையைக் குறிவைத்து வந்து நின்றது.

வியாழன் மதியம் ஜமீர் வந்தான். பெட்டியைத் திறந்ததும் முதலில் லென்ஸைத்தான் எடுத்துக் கொடுத்தான். மெஹ்னாஸ் பிஸ்மில்லா சொல்லி சீலை உடைத்தாள். கறுப்பாக, கனமாக, கைபடாத வாசனையோடு லென்ஸ் வெளியே வந்தது. பாடியில் வைத்துத் திருப்பினாள். க்ளிக் என்று அழகாகப் பொருந்தியது. அசாரை ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தாள்.

திரை வெள்ளை வெளேர் என்றிருந்தது. அசாரின் மீசை மட்டும் எங்கோ மிதந்தது.

இன்னொன்று எடுத்தாள். அதுவும் அப்படியே. எண்களை மாற்றிப் பார்த்தாள், பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தாள். ஏழெட்டுப் படங்களும் வெள்ளையாகவே விழுந்தன.

"கடையில நல்லா எடுத்துச்சேக்கா" என்றான் ஜமீர். "கடைக்காரன் அவனோட கேமராவுல மாட்டிக் காட்டினான். பாடி படத்தையும் காட்டினேன். மாட்டும்னு சொன்னான்."

"மாட்டுதுதான். வேலை செய்யலையே."

ஜமீர் தலையைச் சொறிந்தான். "பழைய மாடல் ஒண்ணையும் எடுத்து வச்சான்க்கா. அது பத்து வருசத்துக்கு முன்னாடி வந்ததாம். எங்க அக்காவுக்குப் போய்ப் பழசான்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

இப்படிப் பாசமாகச் சொல்பவனை என்னவென்று திட்டுவது? மெஹ்னாஸ் பர்தாவை மாட்டிக்கொண்டு, கேமராவோடு ஷேர் ஆட்டோ பிடித்து ஷ்யாம்சுந்தரிடம் போனாள்.

அவர் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்த உடனே சிரித்துவிட்டார். செத்துப்போன பழைய லென்ஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதின் பின்பக்கம் நகத்தைவிடச் சின்னதாக ஒரு தகடு துருத்திக்கொண்டிருந்தது. படம் எடுக்கும்போது பாடியில் உள்ள ஒரு சின்ன நெம்புகோல் அந்தத் தகட்டை அசைக்கும். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் ஓட்டை தேவைக்குத் தக்கபடி சுருங்கும். புது லென்ஸில் தகடே கிடையாது. எல்லாம் கரண்ட் சிக்னல்.

"உங்க பழைய பாடி கதவைத் தட்டுது மேடம். புது லென்ஸுக்குக் காலிங் பெல் அடிச்சாத்தான் கேக்கும். ரெண்டு மேலயும் தப்பு இல்ல."

"இப்ப என்ன செய்றது?"

"ஓட்டை மூடாது. எப்பவும் முழுசா தொறந்துதான் கீது. அதான் வெளிச்சம் கொட்டி வெள்ளையா வருது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. தொறந்தே இருக்கட்டும்னு பாடியில வச்சுக்கினு, அதுக்கேத்த ஸ்பீடுல எடுங்க. ஃபோகஸ் ஓடும், படம் வரும். ஆனா ஒரு மூஞ்சிதான் நறுக்குன்னு வுழும். முன்னாடி பின்னாடி கீறதெல்லாம் கரைஞ்சுபூடும்."

கல்யாணத்தில் ஒரு மூஞ்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாமி, மாமியார், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று நாலு வரிசைக்கு நிற்பார்களே. மெஹ்னாஸ் வெள்ளிக்கிழமை காலையில் ஏறாத கேமரா வாடகைக் கடை இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் அலைந்தாள். பாதிக் கடைகளில் புதுவகைக் கேமராக்களின் லென்ஸ். அது இதில் மாட்டவே மாட்டாது. பழைய வகை லென்ஸ் ஒரே ஒரு கடையில் இருந்தது. ஞாயிறு பெரிய முகூர்த்த நாள், ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஜமீர் ஒரு பையோடு வந்தான். அவனோடு பள்ளியில் படித்த மோகன்ராஜ் மேடவாக்கத்தில் வீடியோ வேலை செய்கிறவன். அவனிடம் இருந்த புத்தம் புது பாடியை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கிவந்திருந்தான். லென்ஸை அதில் மாட்டி ஒரு படம் எடுத்தாள் மெஹ்னாஸ். சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அசாரின் மீசையில் நரைத்த முடியை எண்ணலாம்.

அந்த நேரம் மேசைமேல் கிடந்த ஜமீரின் செல்போன் தானாக விழித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு கேமரா இருக்கிறது, இணைக்கவா என்று கேட்டது. கேமராவைக் கொடுக்கும்போது மோகன்ராஜ் அந்தப் போனில் ஏதோ ஆப் போட்டுக் காட்டியிருந்தானாம், அதன் வேலை.

மெஹ்னாஸ் கேமராவைக் கீழே வைத்தாள்.

"வைஃபையை ஆஃப் பண்ணிடலாம்க்கா" என்றான் ஜமீர். "உள்ள செட்டிங்ல இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது? கறுப்புக் கேமரா எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு."

"அந்த ஸ்டுடியோவுல இருந்து வந்த பொண்ணும் ஆஃப்ல இருக்குன்னுதான்டா நெனச்சிருப்பா."

"நீ ஒழுங்காப் பார்த்துக்குவே."

"நான் பார்த்துக்குவேன். ஆனா இந்தக் கேமராதான்னு சொல்லி வாக்குக் குடுத்திருக்கேன். இதை எடுத்துட்டுப் போனா அவங்க படம் வெளிய போகாதுதான். என் வாக்குப் போயிடும்."

ஜமீருக்குக் கோபம் வந்தது. அவனும் பாவம், ஷார்ஜாவிலிருந்து சுமந்து வந்தவன். "அப்ப இந்த லென்ஸை அலமாரியில வச்சு மாலை போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். மெஹ்னாஸ் இரவல் பாடியைப் பைக்குள் வைத்து மூடினாள். இந்தக் கல்யாணப் படம் கெட்டால் அவள் தொழிலே கெட்டதுதான். கூடுவாஞ்சேரி முதல் தாம்பரம் வரை ஷாயிஸ்தாவின் சொந்தக்காரர்கள்தான். ஆனால் அவள் மனசில் நின்றது அது அல்ல, பூச்சரத்துக்கும் முழங்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தன் படம். நஃபீசாவுக்கும் அதே கதியா என்று நினைத்தபோது தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை, சமையலறை மேடையிலிருந்து மசாலா டப்பாக்களை எல்லாம் எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். மிளகாய்த்தூள் முன்னால், அதற்குப் பின்னால் தனியாத்தூள், மஞ்சள்தூள், சோம்பு, பட்டை, கிராம்பு. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. பழைய பாடியில் புது லென்ஸை மாட்டி, ஷ்யாம்சுந்தர் சொன்ன மாதிரி திறந்தபடியே வைத்து எடுத்தாள். கிட்டத்தில் நின்று எடுத்தால் மிளகாய்த்தூள் என்ற எழுத்து மட்டும் நறுக்கென்று தெரிந்தது. மஞ்சள்தூள் வெறும் மஞ்சள் கறை. நாலு டப்பாக்களைப் பக்கம் பக்கமாக, கேமராவிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே கோட்டில் வைத்தால் நாலும் தெரிந்தன. ஜூமை உள்ளே இழுத்துக்கொண்டு, கூடத்தின் மறு கோடிக்குப் போய், வாசல் கதவில் முதுகை ஒட்டி நின்று எடுத்தால் எல்லா டப்பாக்களும் தெரிந்தன. பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு உண்டா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருந்த அசாரும் தெரிந்தார்.

அவ்வளவுதான் கணக்கு. கிட்டத்தில் என்றால் ஒரு கோட்டில் நிறுத்து, கூட்டம் என்றால் எட்டிப் போ. அவள் நெஞ்சில் பாரம் பாதி இறங்கியது. மீதிப் பாதி பின்னால் கரைந்துபோகிற கறைகளாக நின்றது. கல்யாணக் கூடத்தில் கூட்டமே தெரியாத படத்தை யார் விரும்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பொத்தேரி மண்டபம். ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல் மாடிக்குள்ளும் கேட்டது. பெண்கள் கூடத்து வாசலில் கூடை நிறைய செல்போன். மெஹ்னாஸ் நேராக ஷாயிஸ்தாவிடம் போனாள்.

"கேமரா அதேதான்க்கா. லென்ஸ் மட்டும் புதுசு, பழசு ரிப்பேர் ஆயிடுச்சு. இது ரெண்டும் முழுசா ஒத்துப்போகல. சில படத்துல பின்னாடி இருக்கறவங்க தெளிவா விழ மாட்டாங்க. முன்னாடியே சொல்லிடறேன். நீங்க கேமராவைப் பார்த்துக்கங்க" என்று நீட்டினாள்.

ஷாயிஸ்தா கேமராவைத் தொடவே இல்லை. "நீங்க சொன்னாப் போதும்" என்றார். "உள்ள போங்க, பொண்ணு காத்துக்கினு இருக்கா."

மெஹ்னாஸ் கேமராவைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டாள். மோகன்ராஜின் கேமராவைத் தூக்கி வந்திருந்தால் அதையும் இவர் பார்த்திருக்க மாட்டார். நல்லவேளை என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொண்டாள்.

முதல் ஒரு மணி நேரம் சோதனைதான். நஃபீசாவையும் அவள் அம்மாவையும் சோபாவில் வைத்து எடுத்ததில் மகள் பளிச்சென்று வந்தாள், அரை அடி பின்னால் சாய்ந்திருந்த அம்மா ஆவியாகிவிட்டார். தோளோடு தோள் ஒட்டி உட்கார வைத்து மறுபடி எடுத்தாள். இருபத்திரண்டு பேர் குடும்பப் படத்துக்கு, கூடத்தின் மறு கோடிவரை போனாள். நாற்காலிகளை நகர்த்தச் சொன்னதில் ஒரு பெரியம்மாவுக்கு முகம் கோணியது. "போட்டோ எடுக்கறவங்க கிட்ட வருவாங்க, இந்தப் பொண்ணு பயந்து ஓடுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே மெஹ்னாஸ் அழுத்திவிட்டாள். இருபத்திரண்டு பேரும் தெளிவாக விழுந்தார்கள்.

பிறகு நஃபீசாவைத் தனியாக எடுக்கும் முறை. அவளுக்குப் பின்னால் பந்தி நடந்துகொண்டிருந்தது. வழக்கம்போல அந்தப் பக்கத்துப் பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள், முந்தானை இழுத்தார்கள். பச்சைப் பட்டுக் கட்டிய ஒரு மாமி இலையை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"நான் விழுந்திருக்கேனா? காட்டு."

மெஹ்னாஸ் பின்பக்கத் திரையைக் காட்டினாள். நஃபீசாவின் கண்மை, மூக்குக் கல், உதட்டோரச் சிரிப்பு எல்லாம் கூர்மையாக இருந்தன. அவளுக்குப் பின்னால் நீலம், ரோஸ், மஞ்சள் என்று வண்ணங்கள் மட்டும் குழைந்து கிடந்தன. முகம் என்று ஒன்றுகூட இல்லை.

"நான் எங்கே?"

"அந்தப் பச்சை நீங்கதான் மாமி."

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "என்னைப் பெத்தவங்க வந்து பார்த்தாலும் இது நான்னு தெரியாதே" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். போய் இலையில் உட்கார்ந்து, பக்கத்து இலைக்குச் சொன்னார். பக்கத்து இலை அடுத்த இலைக்குச் சொன்னது.

அரை மணி நேரத்தில் அந்தக் கூடமே மாறிவிட்டது. திரும்பிய முகங்கள் நேராயின, முந்தானைகள் தளர்ந்தன. ஒருத்தி எலும்பை நிம்மதியாகக் கடித்தாள். இன்னொருத்தி பாட ஆரம்பித்தாள், நாலு பேர் கை தட்டினார்கள். தன்னைச் சுற்றி எல்லாரும் இயல்பாக இருக்கவே நஃபீசாவும் விறைப்பு தளர்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். மெஹ்னாஸ் எடுத்துக்கொண்டே இருந்தாள். பதினான்கு வருஷத்தில் இப்படி ஒரு கல்யாணக் கூடத்தை அவள் பார்த்ததில்லை. குறை என்று நேற்றெல்லாம் அவள் நினைத்துக்கொண்டிருந்த அதே மங்கல்தான் இன்றைக்கு எல்லாருக்கும் மறைப்பாக நின்றது. தன் பழைய பாடியை அவளுக்குக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. ஜமீரையும்தான்.

ருக்சானாவை அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து அவள் கேமரா இருக்கும் மூலைக்கு வரவே இல்லை. குடும்பப் படத்துக்கும் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போவதாகச் சொல்லி நழுவிவிட்டாள். இப்போது தூணோரம் நின்று, பச்சைப் பட்டு மாமி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல வந்தாள்.

"நானும் எதுலயாவது இருக்கேனாக்கா?"

மெஹ்னாஸ் தேடிக் காட்டினாள். நஃபீசா சிரிக்கும் ஒரு படத்தில், பின்னால் தூணுக்குப் பக்கத்தில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கறை. இடுப்பில் இன்னொரு சின்ன வெள்ளைக் கறை, அது குழந்தை. ருக்சானா திரையில் அந்தக் கறையை விரலால் தொட்டாள். தங்கச்சி கல்யாணத்தில் தான் இவ்வளவுதானா என்று அவளுக்கே வலித்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது.

"இந்தக் கார்டு அம்மா கையிலதானே போகும்?"

"உங்க கண்ணு முன்னாடியே குடுத்துடறேன்."

"வேற எங்கயும் போகாதே?"

"போக இதுக்கு வழியே கிடையாதும்மா. இது சொல்றது ஒட்டியிருக்கற புது லென்ஸுக்கே கேக்கல."

ருக்சானா குழந்தையை மாமியிடம் கொடுத்தாள். தங்கை பக்கத்தில் போய் நின்றாள். நின்றாளே தவிர, ஒரு எட்டுப் பின்வாங்கி, நஃபீசாவின் தோளுக்குப் பின்னால்தான்.

"முன்னாடி வாங்கம்மா" என்றாள் மெஹ்னாஸ். "ரெண்டு பேரும் ஒரே கோட்டுல இருக்கணும். அங்க நின்னா நீங்க மங்கலாத்தான் விழுவீங்க."

"மங்கலா விழுந்தாப் பரவால்ல."

"எனக்குப் பரவால்ல இல்ல" என்று நஃபீசா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். மருதாணிக் கை; பிடி இறுக்கமாக இருந்தது. ருக்சானா அரை எட்டு வந்தாள், நின்றாள், இன்னும் அரை எட்டு வந்தாள். கன்னம் கன்னத்தில் பட்டது. மெஹ்னாஸ் கேமராவின் பார்வைத் துளைக்குள் பார்த்தாள். இரண்டு முகங்களும் சேர்ந்தாற்போல் கூர்மைக்கு வந்தன. கூடத்துச் சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. தூரத்தில் ஷாயிஸ்தா பாயசக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றுவிட்டது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது.

அழுத்தினாள்.

திரையைத் திருப்பிக் காட்டியதும் ருக்சானா குனிந்து தன் முகத்தையே பார்த்தாள். ஆறு வருஷம். நெற்றியோரம் ஒரு நரை, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுப்பு, எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்று மெஹ்னாஸ் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணை மூடிட்டேன்க்கா" என்றாள் ருக்சானா. "இன்னொண்ணு எடுங்க."